நாரைத்துறையை நான் விசாரித்த கதை

சிட்னி விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்கிறேன். கையில் பூச்செண்டு. பக்கத்தில் என் கணவர் யேசுதாசன். அவருக்குப் பக்கத்தில் மகள் டிலானி. அவள் கையைப் பிடித்தபடி கேலப், அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன். கேலபின் தாயும் தகப்பனும் அமெரிக்காவிலிருந்து முதல்முறையாக வருகிறார்கள். வந்த கிழமைக்குள்ளேயே, சிட்னியின் கிரவீன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் மோதிரம் மாற்றுவதென்று ஏற்பாடு.

கதவு திறந்தது. பெட்டிகள் நிறைந்த தள்ளுவண்டியோடு ஒரு நெட்டை மனிதர் வந்தார். அவருக்குப் பின்னால், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு குட்டைப் பெண். மகனைக் கண்டதும் அந்தப் பெண் இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ சொல்லிச் சத்தம் போட்டார்.

கரகரத்த குரல். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும் குரல்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மாதக் கணக்காக அதோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறேன். அந்தப் பெண் எப்படிப்பட்டவர் என்று அந்தப் பெண்ணிடமே விசாரித்திருக்கிறேன்!

பூச்செண்டைக் கணவரின் கையில் திணித்துவிட்டு, கழிப்பறையைத் தேடி ஓடினேன்.

ஒன்றுமில்லாத ஊர்

எங்கள் ஆட்களுக்கு ஒருவரைக் கண்டால் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். பெயர்கூடப் பிறகுதான். நான் பேசாலை என்று சொன்னால் போதும், மன்னார்க்காரர் மிச்சத்தைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். எந்தக் கோவில், எந்தத் தெரு, ஆருடைய மகள் என்பது வரைக்கும்.

ஆகவே டிலானி கேலபை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று நானும் கேட்டேன்.

"சின்ன இடம் அன்ரி. மிசிசிப்பி ஆத்தங்கரை. அங்க ஒண்டுமில்லை" என்றான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் வெள்ளைக்காரர் எல்லாரும் பேசாலைத் தமிழ் கதைப்பார்கள். அவர்கள் கதைத்தது இங்கிலீசுதான். எனக்கு எழுத வருவது இதுதான்.

ஊரின் பெயரைக் கேட்டேன். நாரைகள் வந்து நிற்கும் இறங்குதுறை என்று அர்த்தம் வரும் ஒரு பெயரைச் சொன்னான். நான் அதை அப்போதே நாரைத்துறை ஆக்கிவிட்டேன். ஆனால் "ஒண்டுமில்லை" என்றானே, அது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. சொந்த ஊரைப் பற்றி ஒருவன் ஒன்றுமில்லை என்று சொல்வானா? அப்படியென்றால் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரு துளி கிடைத்தால் போதும், ஆளின் நோய் நொடி முழுக்கப் பார்த்துவிடுவேன். இவனோ அந்த ஒரு துளியைக்கூடத் தரவில்லை.

நோபல் பார்க் விவகாரம்

விசாரித்துப் பார்ப்பதென்பது எங்கள் கல்யாணங்களில் ஒரு பாதி. பொடியன் எப்படி, தாய் எப்படி, குடி வெறி உண்டா என்று அந்த ஊரில் உள்ள நாலு பேரிடம் காதோடு காதாகக் கேட்பது. கேட்டது வெளியே தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானக்கேடு.

டிலானிக்கு முன்பு மெல்பேர்ன் நோபல் பார்க்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அங்கே இருக்கும் என் பழைய சினேகிதியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். ஒரேயொரு வார்த்தை. அவள் அதை ஞாயிறு பூசை முடிந்த கையோடு பொடியனின் தாயிடமே போய்க் கேட்டிருக்கிறாள்! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் சினேகிதியின் வாய்க்கு உலைமூடியே இன்னும் ஒருவரும் செய்யவில்லை. அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

டிலானிக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கேலபைக் கூட்டி வந்தபோது அவள் என்னை அடுப்படிப் பக்கம், குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தினாள்.

"அம்மா, லிஸின். இந்த முறை விசாரிக்கிற வேலை வேண்டாம். செய்தீங்கள் எண்டால் மோதிரம் மாத்தேக்க நீங்கள் பக்கத்தில நிக்கமாட்டீங்கள். ஐ மீன் இட்."

"நான் ஏன் விசாரிக்கிறன்?" என்றேன்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் யோசித்துப் பாருங்கள். நான் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதில்லை என்றுதான் வாக்குக் கொடுத்தேன். ஊரின் சரித்திரத்தைக் கேட்பது விசாரணையா? அது படிப்பு.

எனக்குச் செவ்வாய், அவருக்குத் திங்கள்

நாரைத்துறை நூலகத்தில் ஊர்ச் சரித்திர அறை என்று ஒன்று இருப்பதை இணையத்தில் கண்டுபிடித்தேன். தொண்டர்கள் நடத்துகிறார்கள். பின்னேரங்களில் திறந்திருக்கும். எனக்குச் செவ்வாய்க்கிழமை விடியும்போது அவர்களுக்குத் திங்கள் பின்னேரம். கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்தேன்.

"சரித்திர அறை, பெக் கதைக்கிறன்" என்றது அந்தக் கரகரத்த குரல்.

என் ஞானஸ்நானப் பெயர்களில் யாரும் பாவிக்காத ஒன்று பிலோமினா. அதைச் சொன்னேன். சிட்னியில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்றேன், இதுவரை உண்மை. உங்கள் ஊரின் சரித்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றேன். அது, வந்து, அந்த நேரத்தில் வாயில் வந்தது.

"எங்கட ஊரைப் பற்றியோ? சிட்னியிலோ? பொறுங்கோ, நான் கதிரையை இழுத்துப் போடுறன்" என்றார் பெக்.

அன்று தொடங்கியதுதான்.

விறகிலிருந்து பொத்தான் வரைக்கும்

ஒன்றுமில்லாத ஊராம்! கேளுங்கள்.

முதலில் அது வெறும் விறகுக் குவியல். ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்கள் அடுப்புக்கு விறகு ஏற்ற ஒதுங்கிய கரை. விறகு விற்றவன் ஒரு குடிசை போட்டான், கப்பல்காரருக்குப் பசிக்கும் என்று இன்னொருவன் சாப்பாட்டுக் கடை போட்டான், சண்டை வரும் என்று ஒரு பொலிஸ்காரன் வந்தான். ஊர் ஆகிவிட்டது.

பிறகு வடக்கிலிருந்த பெரிய பைன் காடுகளை வெட்டி, மரங்களைப் பிணைத்துத் தெப்பமாக ஆற்றில் விட்டார்கள். தெப்பம் வந்தால் ஆறு முழுவதும் மரமாம், தண்ணீர் தெரியாதாம். நாரைத்துறையில் மரம் அறுக்கும் மரக்காலைகள் பெருகின. முதலாளிமார் மேட்டில் மாளிகை கட்டினார்கள். வேலைக்காரர் பள்ளத்தில், ஆறு வந்து தட்டும் தூரத்தில் இருந்தார்கள். காடு முடிந்தது, மரக்காலையும் முடிந்தது.

ஊர் செத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில்தான் சிப்பி வந்தது.

இதைக் கேட்டபோது நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மிசிசிப்பியின் அடியில், சேற்றில், கொள்ளை கொள்ளையாகச் சிப்பிகள். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த ஒரு மனிதர் அந்த ஓட்டிலிருந்து சட்டைப் பொத்தான் வெட்டலாம் என்று கண்டுபிடித்தாராம். ஊரே ஆற்றுக்குள் இறங்கியது. பிடிப்பது எப்படித் தெரியுமா? கம்பியில் கொக்கிகளைத் தொங்கவிட்டு ஆற்றின் அடியில் இழுத்துக்கொண்டு போவார்கள். வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் சிப்பி, எது தொட்டாலும் டக்கென்று கவ்விக்கொள்ளும். கவ்வியதை விடாது. அதனால்தான் மாட்டும். "உம்மைப் போல" என்றார் என் கணவர், பின்னால் ஒருநாள் இதைச் சொன்னபோது.

எங்கள் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தது நான் பிறக்குமுன்பே முடிந்துபோன கதை. சிப்பியை வெயிலில் அழுகப்போட்ட நாற்றம் காததூரம் வீசுமாம், கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பெக்கிடம் சொன்னேன். அவர் ஒரு கூச்சல் போட்டார்.

"எங்கட ஊரும் நாறினதுதான்! பெரிய அண்டாவில சிப்பியை அவிச்சு ஓட்டைத் திறக்கிறது. அந்த நாத்தத்துக்குப் பயந்துதான் மேட்டு வீட்டுக்காரர் சன்னலே திறக்கிறதில்லை. முத்தும் இடைக்கிட கிடைச்சது. ஆனா எங்கட ஆக்களுக்குப் பொத்தான்தான் சோறு போட்டது."

சிப்பி ஓட்டை இயந்திரத்தில் வைத்து வட்டம் வட்டமாக வெட்டி எடுத்த பிறகு, துளை விழுந்த ஓடுகளை ஒழுங்கைகளிலும் சந்துகளிலும் கொட்டிவிடுவார்களாம். இன்றைக்கும் மழை பெய்தால் மண்ணுக்குள்ளிருந்து அவை எழும்பி வருமாம், காலடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்குமாம். பிறகு பிளாஸ்டிக் வந்தது, உடுப்புக்கு ஸிப் வந்தது, பொத்தான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அதற்குப் பிறகும் ஊர் சாகவில்லை.

நான் கணவரின் பழைய சட்டைகளை எல்லாம் இழுத்துப் போட்டு, பொத்தான்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தால் சிப்பி, குளிராவிட்டால் பிளாஸ்டிக் என்று பெக் சொல்லித் தந்திருந்தார். எல்லாம் பிளாஸ்டிக். "உமக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டார் கணவர்.

ஹெல்லர் வீட்டுச் சங்கதி

சரித்திரம் படிக்கப் போனவள் சரித்திரத்தோடு நின்றிருக்கலாம். நின்றேனா?

"பெக், அங்க ஹெல்லர் எண்டு ஒரு குடும்பம் இருக்காமே. ஊர்ச் சரித்திரத்தில அவைக்கு ஏதும் இடம் இருக்கோ?" என்று மெல்லப் போட்டேன். ஹெல்லர் என்பது கேலபின் குடும்பப் பெயர்.

மறுபக்கத்தில் ஒரு இருமல்.

"ஹெல்லர் ஆக்களோ? இருக்கினம், இருக்கினம். நீங்கள் சிட்னி எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம், சிட்னி."

"அதுதானே. பாட்டன் பொத்தான் வெட்டின மனுசன். ஒரு விரல் மெசினுக்குள்ள போயிட்டுது."

"குடி?"

"சனிக்கிழமையில மட்டும்."

"இப்ப இருக்கிற தாய் எப்பிடி?"

"தாயோ? வாய் நீளம். சமையல் வாயில வைக்கேலாது. ஆனா பிள்ளையில உயிர்."

"மகன்?"

"தங்கமான பொடியன். அவுஸ்திரேலியாவில ஆரோ ஒருத்தி கொத்திக்கொண்டு போயிட்டாளாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மகள் கொத்துகிறவள் இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் பிலோமினாவுக்கு அதெல்லாம் தெரியக்கூடாதே.

பெக்கும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகள் என்றேன். எப்படிப் பிள்ளை என்றார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் எங்கள் வீடுகளில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கண்ணூறு பட்டுவிடும், பிள்ளைக்கும் தலைக்கனம் வந்துவிடும். டிலானியை அவள் முகத்துக்கு நேரே நான் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. அவள் பரீட்சையில் முதல்தரமாகச் சித்தியடைந்து வந்த அன்றும் "சரி, முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு" என்றுதான் சொன்னேன். ஆனால் பெக்கின் கண் மிசிசிப்பியைத் தாண்டி வந்தா படப்போகிறது? சொன்னேன். மனம் குளிரக் குளிரச் சொன்னேன்.

ஆறு ஏறிய கிழமை

அங்கே பனி உருகும் காலம் வந்தது. ஒரு விடியற்காலை பெக்கின் குரலில் சிரிப்பு இல்லை.

"ஆறு ஏறுது. மேல்மாடிக்குப் பெட்டி ஏத்துறம். இண்டைக்குக் கனக்கக் கதைக்கேலாது."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றின் மட்டத்தைக் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். கறி அடுப்பில், கண் மிசிசிப்பியில். மடுமாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். ஆருக்கு என்று கணவர் கேட்க, "ஒரு ஊருக்கு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேலப் சாப்பிட வந்தவன், சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்காமல் தன் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் வெள்ளம் வரும்போல இருக்கிறது என்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பொத்தான் தொழிற்சாலை மூலையில பயமில்லை தம்பி. அங்க கரை மதிலை உயர்த்தியிருக்கினம். பழைய மரக்காலைப் பக்கம்தான் பாக்கவேணும்" என்றேன்.

கேலப் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அம்மா, ஹவ் டூ யூ நோ?" என்றாள் டிலானி.

"அம்மா இன்ரநெற்றில எல்லாம் பாக்கிறவ" என்று கணவர் சொதிச் சட்டியை நடுவில் தள்ளிவைத்துக் காப்பாற்றினார். அவளுடைய பார்வை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த முறை பெக் கிடைத்தபோது அவர் களைத்துப்போயிருந்தார். மண் மூட்டை அடுக்கி முதுகு போய்விட்டதாம். ஆறுதல் சொல்ல எனக்கு வேறொன்றும் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொன்னேன். கிரவீனில் ஒரு பெருமழைக்குப் பின்பக்கத்து ஓடை உள்ளே வந்துவிட்டது. என் கூறைச்சேலை இருந்த பெட்டியைத் தூக்கு தூக்கு என்று நான் கத்த, டிலானி அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கு ஓடி, தனியாக இருந்த கிழவரை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள். சேலை ஊறிச் சாயம் போய்விட்டது.

"அண்டைக்கு அவளுக்குச் சரியான ஏச்சு. ஆனா மனசுக்குள்ள, இப்பிடி ஒரு பிள்ளையை நானோ பெத்தனான் எண்டு இருந்தது. அவளுக்கு இது தெரியாது" என்றேன்.



கரை மதில் தாங்கியது. ஆறு இறங்கியது. நான் அடுப்படியில் நின்று தனியாகக் கைதட்டினேன்.

குசினிக் கதவு

இனி விமான நிலையத்துக்கு வருவோம். எவ்வளவு நேரம்தான் கழிப்பறையில் இருப்பது? வெளியே வந்தேன். கேலப் தன் தாயைக் காட்டி "மார்கரெட்" என்றான். மார்கரெட்டைச் செல்லமாகப் பெக் என்பார்களாம். எந்தக் கணக்கில் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வாயே திறக்காமல் கும்பிட்டேன். குரலைக் கேட்டால் பிடித்துவிடுவாரே! வழி நெடுகவும், அடுத்து வந்த நாட்களிலும் தொண்டை நோ என்று சைகை காட்டிக்கொண்டே திரிந்தேன்.

மோதிரம் மாற்றும் நாள். வரவேற்பறையில் எல்லாரும் கூடியிருக்க, குசினியில் நான் இறால் வடை பொரித்துக்கொண்டிருக்கிறேன். கதவு மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பிலோமினா, தொண்டை எப்பிடி இருக்கு?"

கரண்டி எண்ணெய்க்குள் விழுந்தது. திரும்பினேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"ஹெல்லர் எண்டு கேட்ட அண்டைக்கே. சிட்னியில ஹெல்லரைப் பற்றி வேற ஆர் கேக்கப்போயினம்? என்ர மகன் எங்க போய் விழுறானோ எண்டு எனக்கும் பயம்தானே. நீங்கள் என்னட்டை விசாரிச்சீங்கள், நான் உங்களிட்டை விசாரிச்சன். எங்கட ஊரிலயும் இப்பிடித்தான்."

நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கதிரையில் விழுந்தேன். அப்போது கதவு திறந்தது. டிலானி.

"நீங்கள் ரெண்டு பேரும் முந்தியே தெரிஞ்ச ஆக்களோ?"

பெக் கூரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க மாட்டார் என்பது தெரிந்தது. எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்த பிறகு பொய் வாயில் வரவில்லை.

"ஓம் மகள். விசாரிச்சனான்."

அவள் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. "யூ ப்ராமிஸ்ட்" என்றாள், மிக மெதுவாக. நோபல் பார்க் கதை நடந்தபோதும் அதே குரல்தான். இனி இவள் பக்கத்தில் நிற்க விடமாட்டாள் என்று நினைத்தேன்.

"நானும் விசாரிச்சனான்" என்றார் பெக். "என்ன அறிஞ்சன் எண்டு கேளும்."

கூறைச்சேலையும் கிழவரும் வெள்ளமும், நான் சொன்னபடியே வந்தன. மனசுக்குள் இருந்தது என்று நான் சொன்னதையும் அவர் விடவில்லை.

டிலானி என்னைப் பார்த்தாள். "அம்மா சொன்னவவோ? அது உண்மையோ?"

"வடை கருகுது" என்றேன்.

"நோ. எனக்குச் சொல்லுங்கோ. தமிழில."

கண்ணூறு, தலைக்கனம், பழக்கம், எது என் நாக்கைப் பிடித்ததோ தெரியாது. அடுப்பை அணைத்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வடைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மோதிரம் மாற்ற நேரம் வந்தபோது நான் பின்னால், கதவோரம் நின்றேன். டிலானி எழுந்து, ஒரு கதிரையை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். "இஞ்ச வாங்கோ அம்மா" என்றாள்.

வாக்குக் கொடுத்த கட்டுரை

பெக் ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு துளை விழுந்த சிப்பி ஓடு தந்தார். ஒழுங்கையில் பொறுக்கியது. கன்னத்தில் வைத்தேன், ஜில்லென்றது. "கட்டுரை எங்க? எங்கட அறைச் சுவரில மாட்ட இடம் விட்டிருக்கு" என்றார். கட்டுரை இதுதான் பெக். நாரைத்துறையில் ஒன்றுமில்லை என்று இனி உங்கள் மகன் எங்கள் வீட்டில் சொல்லக்கூடாது.

டிலானிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. இந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் தகப்பன் வாசித்துக் காட்டுவார். நான் குசினிக்குள்தான் நிற்பேன். கதவைச் சாத்தமாட்டேன்.

மகள், அண்டைக்கு அந்தச் சேலை நனைஞ்சது நல்லது. நீ அதைத் தூக்கியிருந்தால்தான் நான் ஏசியிருக்கவேணும்.